உலோகம் எங்கே போகிறது?
வாசகர் கேள்வி – பதில்

கடலோர நீரில் கலக்கும் கன உலோகங்கள், அவற்றைத் தாங்கி வாழும் பாக்டீரியாக்கள் ஆகியவை பற்றி வந்த கேள்விகளுக்கு மட்டும் இந்த முறை பதில். ஒரே பொருளில் வந்த கடிதங்களைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் ஊர்க் கழிமுகத்தில் நிலக்கரிச் சாம்பலும் ஆலைக் கழிவும் படிந்து கிடக்கின்றன. "உலோகத்தைத் தின்னும் பாக்டீரியா" கலந்த மண் உருண்டைகளை எறிந்தால் ஆறே மாதத்தில் தண்ணீர் சுத்தமாகிவிடும் என்கிறது ஒரு குழு. ஊரில் பணம் திரட்டலாமா?
– வாசகர், எண்ணூர்

பதில்: திரட்ட வேண்டாம்.

எண்ணெய்க் கசிவையும் சாக்கடைக் கழிவையும் பாக்டீரியா உண்மையாகவே தின்று தீர்க்கும். அவை கரிமப் பொருள்கள். உடைந்தால் கரியமில வாயுவும் நீரும்தான் மிச்சம். ஈயம், பாதரசம், காட்மியம் எல்லாம் தனிமங்கள். எந்த உயிரும் அவற்றை உடைக்க முடியாது. பாக்டீரியாவால் ஆவது இரண்டுதான்: உலோகத்தின் வேதி வடிவத்தை மாற்றலாம், இல்லையென்றால் இடத்தை மாற்றலாம். ஆகவே அந்தக் குழுவிடம் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: "ஆறு மாதம் கழித்து உலோகம் எங்கே இருக்கும்?"

"காற்றில்" என்றால், அது பாதரசத்தை ஆவியாக்கும் பாக்டீரியா. தண்ணீரில் குறைந்தது காற்றில் கூடும், பிறகு எங்கோ மழையோடு இறங்கும். "பாக்டீரியாவின் உடம்பில்" என்றால், அந்த உடம்பை யார் அள்ளி எடுப்பார்கள்? செத்த செல் சேற்றில் விழும், மட்கும், உலோகம் மறுபடி வெளியே வரும். "சேற்றில், கரையாத சல்பைடாக" என்பது ஓரளவு நல்ல பதில். ஆனால் அந்த வேலையைச் செய்யும் சல்பேட் ஒடுக்கிகள் (சல்பேட்டைச் சல்பைடாக மாற்றும் பாக்டீரியா) உங்கள் கழிமுகச் சேற்றில் ஏற்கெனவே கோடிக்கணக்கில் இருக்கின்றன. அதற்கு உருண்டை வாங்கத் தேவையில்லை.

எறியும் பாக்டீரியா அங்கே நிலைக்குமா என்பது வேறு சிக்கல். ஆய்வகத்தில் கொழுத்த உணவில் வளர்ந்ததை, உணவு குறைந்த, உப்பு வேளைக்கு வேளை மாறும் கழிமுகத்தில் விட்டால், உள்ளூர்ப் பாக்டீரியாவோடு போட்டியிட முடியாது. ஒருசெல் உயிரிகளும் அதை மேய்ந்துவிடும். பெரும்பாலும் சில வாரங்களில் எண்ணிக்கை சரிந்துவிடும்.

இந்த நுட்பம் பலித்த இடங்களும் உண்டு. அங்கெல்லாம் கழிவு கடலில் கலப்பதற்கு முன்பே, குழாயின் வாயில் தொட்டி கட்டிப் பிடித்தார்கள். ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் ஆய்வாளர்கள் 700 லிட்டர் தொட்டியில் நுரைக்கல் துண்டுகளை நிரப்பி, அதன்மேல் பாதரசம் தாங்கும் சூடோமோனாஸ் வகைகளைப் படலமாக வளர்த்தார்கள். காஸ்டிக் சோடா ஆலைக் கழிவுநீர், லிட்டருக்கு 3 முதல் 10 மில்லிகிராம் பாதரசத்தோடு உள்ளே போனது. சர்க்கரையும் ஈஸ்ட் சாறும் பாக்டீரியாவுக்குத் தீனி. அயனியாக இருந்த பாதரசம் உலோகத் துளியாகி நுரைக்கல்லிலேயே தங்கியது. தப்பியதைப் பின்னால் வைத்த கரி வடிகட்டி பிடித்தது. உலோகம் எங்கே என்று கேட்டால் அங்கே பதில் இருந்தது: தொட்டிக்குள், எடுத்து அப்புறப்படுத்தும்படி. நெதர்லாந்தின் பூடல் துத்தநாக ஆலையில் 1992 முதல் மாசுற்ற நிலத்தடி நீரை இறைத்து, சல்பேட் ஒடுக்கிகள் வளரும் தொட்டியில் விட்டு, துத்தநாகத்தையும் காட்மியத்தையும் சல்பைடாகப் படியவைத்து ஆலைக்கே திருப்பி அனுப்பினார்கள்.

உங்கள் ஊருக்குக் கேட்க வேண்டியது, சாம்பல் குழாய்க் கசிவை நிறுத்துவதும், படிந்த சாம்பலை அள்ளுவதும். உருண்டைக்கான பணத்தில் நான்கைந்து இடத்துச் சேற்றை நல்ல ஆய்வகத்தில் சோதித்து வாங்குங்கள். கையில் எண் இருந்தால் வாதாட முடியும்.

கேள்வி: துளிப் பாதரசமே உயிரைக் கொல்லும் என்கிறார்கள். இந்தப் பாக்டீரியா மட்டும் எப்படித் தாங்குகிறது?
– கல்லூரி மாணவி, தூத்துக்குடி

பதில்: உலோகத்துக்கு உலோகம் வழி வேறு. பாதரசத்தின் வழிதான் எல்லாவற்றிலும் விசித்திரம்: தப்பிக்க விரும்பும் செல் விஷத்தை முதலில் உள்ளே இழுக்கிறது.

"மெர்" என்ற மரபணுத் தொகுதி இதற்கென்றே இருக்கிறது. செல்லின் இரு சவ்வுகளுக்கு நடுவே மெர்-பி (MerP) என்ற சிறு புரதம் பாதரச அயனியைப் பிடித்து, உள்சவ்வில் இருக்கும் மெர்-டி புரதத்திடம் கொடுக்கிறது. அது உள்ளே கடத்துகிறது. அங்கே காத்திருக்கும் மெர்-ஏ நொதி இரண்டு எலக்ட்ரான்களை ஏற்றி, அயனியைச் சாதாரண உலோகப் பாதரசமாக்குகிறது. உலோகப் பாதரசம் எளிதில் ஆவியாகும். சவ்வைக் கடந்து, நீரைக் கடந்து, காற்றுக்குப் போய்விடும். வழியில் எந்தக் கட்டத்திலும் அயனி தனியே அலைவதில்லை. ஒரு புரதத்தின் கந்தக முனையிலிருந்து இன்னொன்றின் கந்தக முனைக்குக் கைமாறிக்கொண்டே போகிறது, அதனால்தான் செல்லின் மற்ற புரதங்களில் ஒட்டிக் கெடுக்காமல் இருக்கிறது. சில வகைகளில் கரிமப் பாதரச லையேஸ் (MerB) எனப்படும் கூடுதல் நொதி உண்டு. அது மீத்தைல் பாதரசம் போன்ற கரிமப் பாதரசத்தின் கார்பன் பிணைப்பை வெட்டி, பிறகு மெர்-ஏயிடம் ஒப்படைக்கும்.

இந்தப் பட்டறை எப்போதும் ஓடாது. மெர்-ஆர் என்ற காவல் புரதம் டி.என்.ஏ.வின் மேல் உட்கார்ந்து மரபணுக்களைப் பூட்டி வைத்திருக்கும். பாதரச அயனி ஒன்று அதில் ஒட்டினால் அதுவே டி.என்.ஏ.வை முறுக்கித் திறந்துவிடும். இது மிக மிகக் குறைந்த செறிவிலேயே நடப்பதால்தான் மெர்-ஆரை ஒளிரும் மரபணுவோடு இணைத்துப் பாதரசம் காட்டும் உயிர் உணரிகள் செய்கிறார்கள்.

காட்மியம், துத்தநாகத்துக்கு இப்படி மாற்றும் வித்தை கிடையாது. பெரும்பாலும் வந்ததை வெளியே தள்ளும் பம்புகள்தான். பெல்ஜியத்தில் துத்தநாக ஆலையின் படிவுத் தொட்டியிலிருந்து 1976-இல் பிரித்தெடுத்த குப்ரியாவிடஸ் மெட்டலிடியூரன்ஸ் இதில் பேர்போனது; அதன் இரண்டு பெரிய பிளாஸ்மிட்களில் (தனியாக இருக்கும் டி.என்.ஏ. வளையங்களில்) பம்பு மரபணுக்கள் வரிசையாக இருக்கின்றன. கவனியுங்கள், பம்பு வைத்த பாக்டீரியா தான் பிழைத்துக்கொள்கிறது, ஆனால் தண்ணீரில் காட்மியம் ஒரு துளியும் குறைவதில்லை.

ஆர்சனிக்கில் நிலைமை இன்னும் மோசம். ஆர்சனேட் பார்க்க பாஸ்பேட் மாதிரி இருப்பதால் பாஸ்பேட் வாசல் வழியே செல்லுக்குள் நுழைந்துவிடும். பாக்டீரியாவின் பம்புக்கோ ஆர்சனைட்டைத்தான் தள்ளத் தெரியும். எனவே ஆர்சனேட்டை ஆர்சனைட்டாக மாற்றி வெளியேற்றுகிறது. ஆர்சனைட் கூடுதல் நச்சு, நீரில் கூடுதலாக நகரும். அதாவது தாங்கும் பாக்டீரியா இருக்கும் இடம் அக்கம்பக்கத்துக்கு முன்னைவிடக் கெட்ட இடமாகலாம். குரோமியத்தில் தலைகீழ்: ஆறு இணைதிறன் குரோமியம் மூன்றாக மாறினால் நச்சும் குறையும், கரைதலும் குறையும். மாங்கனீஸ் ஆக்சைடு நிறைந்த சேற்றில் அது மறுபடி ஆறாகத் திரும்பவும் கூடும் என்பதை மறக்க வேண்டாம்.

"ஆலை வந்த பிறகு பழகிக்கொண்டதா?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். மெர் மரபணுக்கள் ஆலைகளுக்கு வெகு முந்தியவை. எரிமலையும் ஆழ்கடல் வெந்நீர் ஊற்றும் எப்போதும் பாதரசம் கக்கி வந்திருக்கின்றன; சைபீரிய உறைமண்ணில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் புதைந்திருந்த பாக்டீரியாவிலும் இந்த மரபணுக்கள் கிடைத்துள்ளன. ஆலைக் கழிவு புதிதாக எதையும் கற்பிக்கவில்லை, ஏற்கெனவே தெரிந்தவற்றைப் பெருக்கிவிட்டது.

கேள்வி: முதுகலைத் திட்டத்துக்காகத் துறைமுகச் சேற்றிலிருந்து பாக்டீரியா பிரித்தேன். எல்லாமே ஈயம் 500 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்), காட்மியம் 50 பிபிஎம் தாங்குகின்றன. பாதரசத்தில் ஒவ்வொரு முறையும் வேறு முடிவு வருகிறது. எங்கே தவறு?
– ஆய்வு மாணவர், பரங்கிப்பேட்டை

பதில்: உங்கள் பாக்டீரியா வீரமானதாக இல்லாமல் இருக்கலாம், அதை வளர்க்கும் அகர் தட்டில் உலோகமே குறைவாக இருக்கலாம். எங்களுக்கு வரும் இத்தகைய கடிதங்களில் பாதிக்கு மேல் இதே கதைதான். ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

முதலில் ஒப்பீடு. எந்தச் சிறப்பும் இல்லாத ஆய்வக ஈ.கோலையே, உலோகத்தை அதிகம் பிடிக்காத டிரிஸ் ஊடகத்தில் ஏறத்தாழ இந்த அளவுகளில்தான் நிற்கிறது: பாதரசம் 0.01 மில்லிமோலார், அதாவது 2 பிபிஎம், காட்மியம் 0.5 மில்லிமோலார், 56 பிபிஎம். செம்பு, துத்தநாகம் 1 மில்லிமோலார், 65 பிபிஎம் பக்கம். ஈயம் 5 மில்லிமோலார், ஆயிரம் பிபிஎம் பக்கம். ஆகவே காட்மியம் 50, ஈயம் 500 என்பது சாதாரணம். குப்ரியாவிடஸ் மெட்டலிடியூரன்ஸ் துத்தநாகத்தில் 12 மில்லிமோலார் வரை போகிறது என்றால் அதுதான் தாங்குதிறன். ஒவ்வொரு தட்டிலும் ஓர் ஓரத்தில் தெரிந்த ஈ.கோலை வகையைப் புள்ளியாக வையுங்கள். அதுவும் வளர்ந்தால் அந்தத் தட்டின் முடிவைத் தூக்கி எறியுங்கள்.

அடுத்து ஊடகம். நீங்கள் பயன்படுத்தியது ஜோபெல் 2216 என்ற கடல் பாக்டீரியா ஊடகம் என்றால், அதில் லிட்டருக்கு 5 கிராம் பெப்டோன், 1 கிராம் ஈஸ்ட் சாறு. பிரித்தெடுக்க அருமையான ஊடகம், தாங்குதிறன் அளக்க மோசமான ஊடகம். பெப்டோனில் உள்ள அமினோ அமிலங்கள் செம்பையும் பாதரசத்தையும் கட்டிப்போடும். பாஸ்பேட் ஈயத்தை வெண்படிவாக இறக்கும். தட்டு மங்கலாகத் தெரிந்தால் உங்கள் ஈயம் படிந்துவிட்டது என்று பொருள். கடல்நீரின் குளோரைடு காட்மியத்தோடு சேர்ந்துகொள்வதால், தனி அயனியாக மிஞ்சுவது நூற்றில் 3 பங்கு அளவே. அதனால் பிரித்தெடுக்க ஜோபெல், அளக்கக் குறைந்த பாஸ்பேட்டும் குளுக்கோனேட்டும் உள்ள எளிய ஊடகம் என்று இரண்டாக வைத்துக்கொள்ளுங்கள். பி.எச். நிலைநிறுத்த மோப்ஸ் அல்லது ஹெப்பஸ் நல்லது, டிரிஸ் செம்பைப் பிடிக்கும். சோடியம் குளோரைடை ஒரேயடியாக எடுத்துவிடாதீர்கள். கடல் பாக்டீரியா உப்பில்லாமல் வளராது, அதை உலோகம் கொன்றதாக எழுதிவிடுவீர்கள்.

மூன்றாவது, எடை. உலோக உப்பை எடைபோட்டுவிட்டு அதை உலோகத்தின் எடை என்று எழுதுவதுதான் அதிகம் நடக்கும் பிழை. 1 லிட்டரில் 1000 பிபிஎம் உலோகம் வேண்டுமானால் மெர்க்குரிக் குளோரைடு 1.354 கிராம், நீரற்ற காட்மியம் குளோரைடு 1.631 கிராம், நீல நிறத் தாமிர சல்பேட் 3.93 கிராம், ஈய நைட்ரேட் 1.598 கிராம், பொட்டாசியம் டைகுரோமேட் 2.829 கிராம். குப்பியின் சீட்டில் படிக நீர் எத்தனை என்று பாருங்கள். காட்மியம் குளோரைடு இரண்டரை மூலக்கூறு நீரோடு வந்தால் 2.03 கிராம் ஆகிவிடும். கரைசலை 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, ஆட்டோகிளேவ் செய்த அகர் 50 பாகைக்கு ஆறிய பிறகே சேர்க்க வேண்டும். 100 மில்லி அகரில் 25 பிபிஎம் பாதரசத்துக்கு 2.5 மில்லி போதும். சேர்த்தபின் பி.எச். அளங்கள். தாமிர சல்பேட்டும் டைகுரோமேட்டும் அமிலத்தன்மை தருபவை. உலோகம் கொல்லாததை அமிலம் கொன்றிருக்கும்.

இனிப் பாதரசம். முடிவு மாறிக்கொண்டே இருப்பதற்குக் காரணங்கள் பல. நீர்த்த பாதரசக் கரைசல் பிளாஸ்டிக் குப்பியின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். கண்ணாடியில், சிறிது நைட்ரிக் அமிலத்தோடு வையுங்கள். ஊற்றிய தட்டை வாரக்கணக்கில் குளிர்ப்பெட்டியில் வைக்காமல் ஓரிரு நாளில் பயன்படுத்துங்கள். தட்டில் ஒரு தாங்கும் பாக்டீரியா இருந்தால் அது சுற்றியுள்ள பாதரசத்தை ஆவியாக்கிவிடும், அதன் நிழலில் தாங்காதவையும் வளரும். ஆகவே ஒரு தட்டில் நெருக்கமாகப் பத்துப் புள்ளி வைக்காதீர்கள். விதைக்கும் அளவும் ஒரே மாதிரி இருக்கட்டும்: புள்ளிக்கு 10 மைக்ரோலிட்டர், அதில் ஒரு லட்சம் செல் அளவில். குழம்பாகத் தேய்த்தால் எதுவும் தாங்கும். 28 முதல் 30 பாகையில் 48 மணி நேரம் வைத்துப் படியுங்கள்.

எந்த அளவைத் தாங்குதிறன் என்று வைப்பது? கோவாவில் உள்ள தேசியக் கடலியல் நிறுவன ஆய்வாளர்கள் இந்தியக் கடற்கரை முழுவதும் பார்த்தபோது, கடல்நீர் அகரில் 10 பிபிஎம் பாதரசத்தில் வளர்வதைப் பாதரசம் தாங்கி என்று எடுத்துக்கொண்டார்கள். 25 பிபிஎம்மிலும் அதற்கு மேலும் வளர்ந்தவற்றை மிகுதாங்கி என்று தனியே வைத்தார்கள். உங்கள் எண்ணை அவர்களுடையதோடு ஒப்பிட அதே ஊடகத்தைத்தான் பயன்படுத்த வேண்டும்.

தட்டில் வளர்வதோடு நிறுத்தாமல் அந்தப் பாக்டீரியா பாதரசத்தை ஆவியாக்குகிறதா என்றும் பாருங்கள். பழைய எக்ஸ்ரே படலச் சோதனை மலிவானது: 0.07 மோலார் பாஸ்பேட் கரைசல், பி.எச். 7, அதில் 0.5 மில்லிமோலார் ஈ.டி.டி.ஏ., 0.2 மில்லிமோலார் மெக்னீசியம் அசிட்டேட், 5 மில்லிமோலார் சோடியம் தயோகிளைகோலேட், 0.25 மில்லிமோலார் மெர்க்குரிக் குளோரைடு. இதில் செல்லைக் கலக்கிக் குழித்தட்டில் விட்டு, இருட்டறையில் மேலே எக்ஸ்ரே படலத்தைக் கவிழ்த்து ஒன்றிரண்டு மணி நேரம் வைத்துக் கழுவினால், பாதரச ஆவி பட்ட இடம் கறுத்திருக்கும். செல் இல்லாத குழியும், கொதிக்க வைத்துக் கொன்ற செல் உள்ள குழியும் கட்டாயம் வேண்டும்.

கடைசியாக, துறையில் யாரும் சொல்லித் தராத ஒன்று. பாதரசத் தட்டுகளை ஆட்டோகிளேவில் போடாதீர்கள், சூட்டில் ஆவி அறை முழுக்கப் பரவும். வளர்க்கும்போதும் இதே நிலைதான்: உங்கள் பாக்டீரியா நன்றாக வேலை செய்தால் இன்குபேட்டரைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அந்த ஆவியை நீங்கள் மூச்சில் வாங்குகிறீர்கள். தட்டுகளை மூடிய டப்பாவில் வைத்து, புகைப்போக்கிப் பேழைக்குள் திறங்கள். முடிந்ததும் இரட்டைப் பையில் கட்டி, "பாதரசம்" என்று எழுதி, அபாயக் கழிவாக ஒப்படைக்க வேண்டும். கழுவுதொட்டியில் ஊற்றினால் அது போய்ச் சேரும் இடம் நீங்கள் மாதிரி எடுத்த அதே துறைமுகச் சேறுதான்.

கேள்வி: கரையோரச் சேறு கறுப்பாகி அழுகிய முட்டை வாடை அடிக்கிறது. கன உலோகம்தானே?
– வாசகர், முத்துப்பேட்டை

பதில்: அதை வைத்துச் சொல்ல முடியாது. கறுப்பு, இரும்பு சல்பைடின் நிறம். வாடை, ஹைட்ரஜன் சல்பைடு. காற்றோட்டமில்லாத எந்த அலையாத்திச் சேற்றிலும் இருக்கும். இன்னும் சொன்னால், இந்தச் சல்பைடுதான் காட்மியத்தையும் ஈயத்தையும் இறுகப் பிடித்து வைத்திருக்கும். அதைக் கிளறித் தூர்வாரிக் கரையில் கொட்டினால் காற்றுப் பட்டுச் சல்பைடு உடையும், உலோகம் கரைந்து வரும். மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கறுப்பு மணல் வேறு. அது இல்மனைட் முதலிய கனிமம், இயற்கையாக அமைந்தது.

கேள்வி: மீன்பிடித் துறைமுகத் தண்ணீரைத் தனியார் ஆய்வகத்தில் கொடுத்தோம். ஈயம், காட்மியம், பாதரசம் எல்லாவற்றுக்கும் "கண்டறியும் எல்லைக்குக் கீழே" என்று வந்தது. நிம்மதியாக இருக்கலாமா?
– மீனவர் சங்கம், நாகப்பட்டினம்

பதில்: அந்த எல்லை என்ன என்று அறிக்கையில் எண்ணாகப் போட்டிருக்கிறதா, பாருங்கள். போடவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள். சுடர் வகை அணு உறிஞ்சல் கருவியில் ஈயத்தின் எல்லை லிட்டருக்குச் சில பத்து மைக்ரோகிராம் இருக்கும். கடல்நீரின் உப்பு கருவியைக் குழப்புவதால் பத்து மடங்கு நீர்த்து ஓட்டியிருந்தால் எல்லையும் பத்து மடங்கு ஏறும். கடல்நீரில் கரைந்த ஈயமோ, மாசுபட்ட இடத்தில்கூட அதற்கு வெகு கீழே இருக்கலாம். கடல்நீரைச் சோதிக்கத் தெரிந்த ஆய்வகம் முதலில் செலெக்ஸ் போன்ற பிசினில் உலோகத்தைப் பிடித்துச் செறிவாக்கிய பிறகே அளக்கும். பாதரசத்துக்குக் குளிர் ஆவி முறை தனி.

உங்கள் பணத்துக்கு அதிகப் பலன் சேற்றைச் சோதிப்பதில்தான். கடலுக்கு வரும் உலோகம் பெரும்பாலும் நுண்துகளில் ஒட்டி அடியில் இறங்கிவிடும். தண்ணீர் இன்றைய அலையைச் சொல்லும், சேறு பல வருடத்தைச் சொல்லும்.

எடுக்கும் முறை இது. பிளாஸ்டிக் கரண்டியும் பிளாஸ்டிக் டப்பாவும் மட்டும். டப்பாவை 10 சதவீத நைட்ரிக் அமிலத்தில் ஒரு நாள் ஊறவைத்து வாலை நீரில் அலச வேண்டும். இதை ஆய்வகத்திடமே செய்து வாங்கிக்கொள்ளுங்கள். மேல் 2 முதல் 5 சென்டிமீட்டர் சேறு போதும். இரும்பு வாளியால் அள்ளினால் வாளியில் படாத நடுப்பகுதியை எடுங்கள். படகுக்குச் சாயம் அடிக்கும் தளத்துக்குப் பக்கத்தில் ஒன்று, சாக்கடை வாயில் ஒன்று, துறைமுகத்துக்கு வெளியே ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் ஒன்று என்றாவது இருக்க வேண்டும். கடைசியது இல்லாவிட்டால் மற்றவை வெறும் எண். பனிக்கட்டியில் வைத்து அனுப்புங்கள். ஆய்வகம் 63 மைக்ரான் நைலான் சல்லடையில் சலித்து நுண்பகுதியை அளக்கட்டும்; மணல் கலந்தால் எண் பொய்யாகக் குறையும். பாதரசத்துக்கு 40 பாகைக்கு மேல் உலர்த்தக் கூடாது. கூடவே அலுமினியமும் அளக்கச் சொல்லுங்கள், களிமண் எவ்வளவு என்று அது காட்டும்.

வந்த எண்ணை ஒப்பிட அமெரிக்காவில் 1995-இல் வெளியான வண்டல் அளவுகோலைப் பலரும் பயன்படுத்துகிறார்கள். உலர்ந்த சேற்றில், கிலோவுக்கு மில்லிகிராமில், உயிரினங்களுக்குப் பாதிப்பு அரிது என்ற கீழ்க்கோடு: பாதரசம் 0.15, காட்மியம் 1.2, ஈயம் 46.7, செம்பு 34, துத்தநாகம் 150. பாதிப்பு அடிக்கடி என்ற மேல்க்கோடு: 0.71, 9.6, 218, 270, 410. உங்கள் துறைமுகத்தில் செம்பு ஏறி நின்றால் வியக்க வேண்டாம். படகின் அடிச்சாயத்தில் பாசி, கொட்டலசு பிடிக்காமலிருக்கச் சேர்ப்பது செம்புச் சேர்மம்தான்.

கேள்வி: பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கச் சுறாப்புட்டு கொடுப்பது எங்கள் வழக்கம். சுறாவில் பாதரசம் என்று மகள் மறுக்கிறாள். பாக்டீரியா பாதரசத்தை எடுத்துவிடும் என்றும் படித்தேன். எது சரி?
– வாசகி, கடலூர்

பதில்: மகள் சொல்வதில் நியாயம் இருக்கிறது அம்மா.

பாதரசத்தை விரட்டும் பாக்டீரியா ஒரு பக்கம். இன்னொரு பக்கம், காற்றில்லாச் சேற்றில் வாழும் சில சல்பேட் ஒடுக்கிகளும் இரும்பு ஒடுக்கிகளும் அதே பாதரசத்தை மீத்தைல் பாதரசமாக மாற்றுகின்றன. அதற்கான இரண்டு மரபணுக்கள், எச்.ஜி.சி.-ஏ, எச்.ஜி.சி.-பி, 2013-இல்தான் தெரியவந்தன. மீத்தைல் பாதரசம் உடம்பில் எளிதில் ஏறும், மெல்ல இறங்கும். நுண்பாசியிலிருந்து சிறு மீனுக்கு, அதிலிருந்து பெரிய மீனுக்கு என்று ஏறி, நீரில் இருந்ததைப்போலப் பத்து லட்சம் மடங்குவரை சுறாவில் சேரும். ஜப்பானின் மினமாட்டாவில் 1956-இல் வெளிப்பட்ட பாதரச நச்சுக் கொடுமையை இதற்கு உதாரணமாகச் சொல்வார்கள். அங்கே ஆலையே மீத்தைல் பாதரசத்தைக் கழிவில் விட்டது, பாக்டீரியா மேல் பழி போட முடியாது. அந்த விரிகுடாவைச் சுத்தம் செய்ததும் பாக்டீரியாவால் நடக்கவில்லை. 1977 முதல் 1990 வரை சேற்றை அள்ளிக் கரையில் புதைத்து மூடினார்கள்.

கணக்குப் பாருங்கள். உலகச் சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் சேர்ந்த வல்லுநர் குழு சொல்லும் அளவு, வாரத்துக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம் மீத்தைல் பாதரசம். 55 கிலோ பெண்ணுக்கு 88 மைக்ரோகிராம். கிலோவுக்கு 1 மில்லிகிராம் உள்ள பெரிய சுறாவில் 88 கிராம் சாப்பிட்டாலே அந்த வாரப் பங்கு முடிந்தது. புட்டு ஒரு தட்டுக்கு அதற்கு மேலேயே பிடிக்கும். வேகவைத்து உதிர்த்தாலும், மஞ்சள் போட்டாலும், தோலை உரித்தாலும் போகாது; பாதரசம் கொழுப்பில் இல்லை, தசைப் புரதத்தில் பிணைந்திருக்கிறது.

பால் சுறா போன்ற சிறு சுறாவில் பெரிய சுறாவைவிடக் குறைவாக இருக்கும்; வயதும் அளவும் கூடக் கூடத்தான் ஏறும். ஆனால் சந்தையில் துண்டாக வாங்கும்போது எது என்று தெரியாது. நெத்திலி, மத்தி, காரப்பொடியில் அதே புட்டைச் செய்யலாம். இன்னொன்று, தாய்ப்பாலைவிடக் கருவிலிருக்கும்போதுதான் மீத்தைல் பாதரசம் குழந்தைக்கு அதிகம் போகிறது. உடம்பில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ 50 நாள் ஆகும். அதனால் பெரிய சுறா, தளப்பத்து, கொப்பரன் ஆகியவற்றைப் பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு விடுவதைவிட, கருத்தரிக்கத் திட்டமிடும்போதே விடுவது பலன் தரும்.

கேள்வி: உலோகம் தாங்கும் பாக்டீரியாவுக்கு ஆன்டிபயாடிக் மருந்தும் வேலை செய்யாது என்பது உண்மையா?
– செவிலியர், இராமநாதபுரம்

பதில்: எல்லாவற்றிலும் இல்லை, ஆனால் அடிக்கடி. இரண்டு திறனும் ஒரே தாவும் மரபணுத் துண்டில் இருப்பதே காரணம். டி.என்.21 என்ற துண்டில் மெர் தொகுதியோடு சல்பா மருந்தையும் ஸ்ட்ரெப்டோமைசினையும் எதிர்க்கும் மரபணுக்கள் ஒட்டியிருக்கின்றன. பாதரசம் உள்ள இடத்தில் மெர் வைத்திருப்பவை பிழைக்கும், கூடவே மருந்து எதிர்ப்பும் இலவசமாகப் பெருகும், அங்கே ஒரு மாத்திரைகூட விழாவிட்டாலும். ஒரே பம்பு உலோகத்தையும் மருந்தையும் வெளியேற்றுவது இரண்டாவது வழி.

கடலோரத்தில் கவலை தருவது, ஆலைக் கழிவும் ஆஸ்பத்திரிக் கழிவும் ஊர்ச் சாக்கடையும் ஒரே முகத்துவாரத்தில் கூடும் இடம். மனிதக் குடல் பாக்டீரியாவும் கடல் பாக்டீரியாவும் சேற்றுப் படலத்தில் ஒட்டி வாழ்ந்து, பிளாஸ்மிட்களை மாற்றிக்கொள்ள அது தோதான இடம். உலோகம் சிதையாது என்பதால் அந்தத் தூண்டுதலும் வருடக்கணக்கில் நிற்கும். உங்களிடம் வரும் மீனவருக்குக் காலில் முள் குத்தியோ வலை அறுத்தோ காயம் பழுத்திருந்தால், கடல்நீர்க் காயம் என்று சீட்டில் எழுதி, சீழை வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பிய பிறகு மருந்தைத் தொடங்கச் சொல்லுங்கள். விப்ரியோ என்ற கடல் பாக்டீரியா வகையாக இருந்தால் மணிக்கணக்கில் முற்றும். வீக்கம் வேகமாக ஏறினாலோ தோலில் இரத்தக் கொப்புளம் வந்தாலோ முடிவுக்குக் காத்திராமல் உடனே மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.